குத்தகை ரயிலுக்கு மூன்றாவது படி

அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் கால்களைத்தான் பார்ப்பார். முகத்துக்கு வந்து சேர நேரமாகும்.

பட்டறையில் என்னை அவருக்கு அறிமுகம் செய்துவைத்த அன்று நான் கை கூப்பினேன். அவரும் கூப்பினார். கண் மட்டும் என் செருப்பில் இருந்தது. அன்று பார்த்து இடது செருப்பின் வார் அறுந்து, அதற்கு ஒரு ஊக்கு குத்தியிருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்த மனிதருக்கு, இத்தனை பெரிய பட்டறையில், என் ஊக்குதானா கண்ணில் பட வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகள். கோபம் மூக்குக்கு மேல் இருந்த காலம். இப்போது குறைந்துவிட்டது என்று நான் சொல்கிறேன். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அன்று அவரை அனுப்பிய கம்பெனியில்தான் இன்னும் வேலை பார்க்கிறார். நான் எழுதி அவருக்குத் தொல்லை வர வேண்டாம். நாட்டின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பட்டறையில் நாங்கள் எல்லாரும் அவரைப் ‘படி சார்’ என்றுதான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

பூதலூர் ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்கு வேனில் இருபது நிமிடம். நம் பக்கம் அகலப் பாதை போட்ட பிறகு ஓரங்கட்டப்பட்ட பழைய மீட்டர் கேஜ் பெட்டிகளை வாங்கி, துருவைச் சுரண்டி, தரையை மாற்றி, புது இருக்கை போட்டு, இன்னும் மீட்டர் கேஜ் தண்டவாளம் இருக்கும் நாடுகளுக்குக் கப்பலில் அனுப்புவது எங்கள் வேலை. நான் டிராயிங் செக்‌ஷன். டிராயிங் செக்‌ஷன் என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும்தான். அவர் நாட்டில் ரயில் ஓட்டும் கம்பெனி பதினாறு பெட்டிகள் கேட்டிருந்தது. அவர் அதன் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு பெட்டியையும் அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது கப்பலேறும். அதற்காக மூன்று மாதம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜில் தங்கினார்.

ஆங்கிலம் எனக்கும் இரவல், அவருக்கும் இரவல். அதனால் எங்கள் பேச்சில் வளைவு நெளிவு இருக்காது. அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

தமிழில் அவர் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் “படியில நிக்காதீங்க, உள்ள போங்க” என்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ்ஸில் ஏறி, வேண்டுமென்றே படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏறுகிற இறங்குகிற கால்களைப் பார்ப்பாராம். ஒவ்வொரு நடத்துநரும் அதையே சொல்லிக் கத்த, அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பிறகு அதை இடம் பொருள் பார்க்காமல் எடுத்துவிடுவார். எங்கள் மேனேஜர் ஒருநாள் பெட்டி வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “படியில நிக்காதீங்க, உள்ள போங்க” என்று கணீரென்று ஒரு குரல். மேனேஜர் பதறி உள்ளே போய்விட்டார். அதன் பிறகு ஒரு வாரம் பட்டறையில் யார் யாரைப் பார்த்தாலும் அதே வசனம்தான்.

ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை. தினமும் காலைப் பாசஞ்சரில் தஞ்சாவூரிலிருந்து பூதலூர் வருவார். நான் பட்டறை வேனுக்காக ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். எல்லாரும் இறங்கி வெளியே வந்த பிறகும் அவரைக் காணாது. அவர் நடைமேடையில் கடைசி ஆள் ஏறி முடிக்கும்வரை நின்று, சின்ன நோட்டில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கல்லூரிக்குப் போகும் பெண்ணை ஏற்றிவிட வந்த ஒரு அப்பா என்னிடம் வந்தார்.

“ஏம்மா, அந்த ஆளு உங்க கம்பெனியா? பொம்பளப் புள்ளைங்க காலையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. என்னா ஏதுன்னு கேளும்மா. நான் கேட்டா வேற மாதிரி ஆயிரும்.”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். போய்க் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக ஈர்க்குச்சி மாதிரி ஆட்கள். முகம் கிடையாது. எந்தக் கால் முதலில் படியில் வருகிறது, கை எங்கே பிடிக்கிறது, சுமை எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி.

“உங்கள் பெண்கள் வலது கையால் கம்பியைப் பிடிக்கிறார்கள். அதனால் இடது கால் முதலில் ஏறுகிறது,” என்றார். “என் ஊரில் கம்பி பிடிக்கக் கை மிச்சம் இருக்காது. ஒரு கை தலைச்சுமைக்கு. ஒரு கை பிள்ளைக்கு. கை இல்லாமல் எப்படி ஏறுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

அதை அந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கம் புரட்டினார். “சரிதான். ஆனா சொல்லிட்டுப் பாக்கச் சொல்லும்மா,” என்றார். பிறகு இவரைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து படி சார் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். தெரியாமல் ஒருவரைச் சங்கடப்படுத்தியதை நினைத்து இரண்டு நாள் வருந்தினார் என்பது பிறகு தெரிந்தது. நான்தான் அவரை அவசரப்பட்டு எடைபோட்டுவிட்டேன்.

ஆனால் என் டிராயிங் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். பழைய பெட்டிகளில் வாசலுக்குக் கீழே மூன்று படிகள் இருந்தன. அவருடைய நாட்டில் தலைநகரத்திலும் துறைமுகத்திலும், பாதையின் இரண்டு முனைகளிலும், கம்பெனி உயரமான புது நடைமேடை கட்டிவிட்டது. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது படி நீட்டிக்கொண்டிருந்தால் நடைமேடை விளிம்பில் உரசும். அதனால் அதை வெட்டிவிடச் சொல்லி அவர்களுடைய தலைமை அலுவலகமே எழுதியிருந்தது. நான் வெட்டி, இரண்டு படியோடு டிராயிங் போட்டேன். அவர்களும் ஒப்புதல் அனுப்பிவிட்டார்கள். இப்போது இவர் வந்து, இரண்டு முனைக்கும் நடுவில் நாற்பது நிறுத்தம் இருக்கிறது, எதிலும் நடைமேடை கிடையாது, ஜல்லியில் நின்றுதான் ஏற வேண்டும், மூன்றாவது படி இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்கிறார்.

“உங்க ஆபீஸ்தான வெட்டச் சொன்னாங்க? அங்க போய்ச் சண்டை போடுங்க,” என்றேன்.

“போட்டேன். அவர்கள் எல்லாரும் இரண்டு முனையில் ஏறி, இரண்டு முனையில் இறங்குகிறவர்கள்,” என்றார்.

மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் கப்பல் தேதி அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று பேசிப் பார்த்தோம். படி சார் சத்தம் போட மாட்டார். வாதாடவும் மாட்டார். “ஒருவர் ஏறட்டும், பார்க்கலாம்,” என்பார். இருக்கை, கழிப்பறை, ஜன்னல் எதுவானாலும் அதே பேச்சுதான். ஒரு பெட்டியின் எழுபது இருக்கையிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். ஒருநாள் மணல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவரே ஜல்லியிலிருந்து ஏற முயன்று, மூட்டையும் அவருமாகக் கீழே வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றுதான் எனக்கு முதன்முதலாக என் டிராயிங் மீது கொஞ்சம் கூச்சம் வந்தது.

“சொமை தூக்கிப் பழக்கம் இருக்கறவங்க வேணும் சார். எங்கம்மாவக் கூப்பிடுறேன்,” என்றேன்.

என் அம்மா நடவுக் குழுவுக்குத் தலைவி. பன்னிரண்டு பெண்கள். எங்கள் தாத்தா காலம்வரை கூலிக்கு மட்டும் இறங்கிய வயலில் இப்போது எங்களுக்கும் இரண்டு மா நிலம் உண்டு. ஆனாலும் புரட்டாசி, ஐப்பசி வந்தால் அம்மா குழுவோடு போகாமல் இருக்க மாட்டாள். பேராவூரணிப் பக்கம் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். படி சார் என்றால் யார், அவர் வேலை பார்க்கிற கம்பெனி என்ன என்று நான் விளக்கியபோது அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

“அந்த நாட்டுக்கே அது ஒண்ணுதான் ரயிலா?”

“ஆமாம்மா. அரசாங்கத்தால ஓட்ட முடியலன்னு ஒரு தனியார் கம்பெனிகிட்ட குடுத்துட்டாங்க. இத்தன வருஷத்துக்குன்னு எழுதி.”

“அடியாத்தி! ரயிலையே குத்தகைக்கு விட்டுட்டாங்களா?” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப படி வைக்க மாட்டான்டி. குத்தகை நெலத்துல எவன் தென்னங்கன்னு வைப்பான்? காய்க்கறதுக்குள்ள கெடு முடிஞ்சிரும்ல,” என்றாள். தென்னை விஷயத்தில் பேராவூரணிக்காரியிடம் யாரும் பேச முடியாது.

ஒரு சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். எனக்குப் பார்த்ததும் பகீரென்றது. எல்லாரும் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை. தலை நிறையப் பூ. பெட்டிக்கு அருகில் வந்ததும், கோயில் வாசலில் விடுவது மாதிரி, ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றி ஜல்லியில் வரிசையாக வைத்தார்கள். புதுப் பெயின்ட் அழுக்காகிவிடுமாம். அம்மா மட்டும் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். “இது எங்க பேராவூரணி லைன் பெட்டி. நான் ஏறியிருக்கேன்,” என்று அடித்துச் சொன்னாள். அது எந்தப் பாதையில் ஓடிய பெட்டி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதனால் நாங்கள் மறுக்கவில்லை.

படி சார் கடிகாரத்தைப் பார்த்துக் கை அசைத்தார். சுமைக்காக வைத்திருந்த மணல் பைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் ஏறினார்கள். ஏறினார்கள் என்றா சொல்வது! முதல் ஆள் தாவி ஏறி, அடுத்தவள் பையை வாங்கி, கையைப் பிடித்து இழுக்க, அவள் மூன்றாமவளை இழுக்க, சரசரவென்று பன்னிரண்டு பேரும் உள்ளே. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவருடைய நாட்டில் ரயில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிற நேரம் அந்த இரண்டு நிமிடம்தான். மேனேஜர் கைதட்டினார். “பாத்தீங்களா சார்? ரெண்டு படியே போதும்!”

பெண்கள் ஜன்னல் வழியே சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். படி சார் கீழே வரிசையாக இருந்த பன்னிரண்டு ஜோடிச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் கிளம்பியிருந்தால் அந்தச் செருப்புகள் அங்கேயே கிடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கேன்டீனில் டீ குடிக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். “இம்புட்டு வேகமா எப்படிம்மா ஏறுனீங்க?”

“ரெண்டு நாளா டிராக்டர் டிரெய்லர்ல ஏறிப் பழகுனோம்டி,” என்றாள் பெருமையாக. “சோதனை வைக்கிறாங்கன்னு சொன்னியே. நீ போட்ட படம், எங்களால பேரு கெடக்கூடாதுல்ல? நம்ம குழு செல்வி முட்டி வலிக்கிதுன்னு சொன்னா, தைலம் தேச்சுக் கூட்டியாந்தேன்.”

தலையில் கை வைத்துக்கொண்டேன். சோதனை படிக்குத்தான், உங்களுக்கு இல்லை என்று விளக்கினேன். அம்மா டம்ளரை வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

“அடிப்பாவி, தோக்கணும்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

இதை அவருக்கு மொழிபெயர்த்தேன். மூன்று மாதத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தது அன்று ஒருநாள்தான். சிரித்து முடித்த பிறகு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு இன்ஸ்பெக்டரை அனுப்புகிறோம், நீங்கள் திரும்பி வரலாம். திரும்பி வரலாம் என்றால் வேலை இல்லை என்று அர்த்தம் என்றார்.

“எதுக்குத் தம்பி இந்தப் பாடு?” என்று அம்மா கேட்டாள். “போட்டுட்டுப் போயிர வேண்டியதுதான?”

அவர் அம்மாவின் கால்களைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய ஊர் அந்த நாற்பது நிறுத்தங்களில் ஒன்று. அவர் அக்கா அங்கே ரயிலில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போய் விற்றுவந்தவள். கம்பெனி வருவதற்கு முன்னால், ஒரு பழைய பெட்டியில், படி எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தபோது ரயில் நகர்ந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. அதன் பிறகு அவள் ரயில் ஏறவே இல்லை. பக்கத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குக்கூடப் போனதில்லை. அங்கே போக ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. “கம்பெனி கெட்டது இல்லை அம்மா. முன்பு ரயில் வாரக் கணக்கில் வராது. இப்போது நேரத்துக்கு வருகிறது. கம்பெனிக்கு நேரம் தெரியும். கால் தெரியாது. இந்தப் பெட்டியை நான் அனுப்பினால் என் ஊரில் எந்தக் காலோடு இறங்குவேன்?”

நான் அம்மாவுக்கு மெல்ல மொழிபெயர்த்தேன். அந்த இரண்டு படிகளை வரைந்தது இந்தக் கைதானே என்று அழுகை வந்துவிட்டது.

அம்மா அழவில்லை. அவளுக்கு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

“இவரு ஆபீஸுக்கு என்னான்னு எழுதுனாராம்?”

“பெண்கள் விழுவாங்க, கால் எட்டாது, கஷ்டப்படுவாங்கன்னு.”

“அங்கதான் தப்பு பண்ணிட்டாரு. நடவுல குனிஞ்சு இடுப்பு ஒடியுதுன்னு பண்ணைக்காரங்ககிட்ட சொன்னா என்னைக்காவது காதுல வாங்கியிருக்காங்களா? நாத்து வாடுதுங்க, இன்னிக்கு முடியாதுங்கன்னு சொல்லு, ஓடி வருவாங்க. கூட நாலு ஆளும் விடுவாங்க. நம்ம வலிய அவங்க வலி மாதிரி சொல்லணும். அந்தக் கம்பெனிக்கு நேரந்தான முக்கியம்? ரயிலு லேட்டாவும்னு எழுதச் சொல்லு.”

அதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கால்களை விட்டுவிட்டு நேராக ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் பேசியதை நான் அன்றுதான் கண்டேன்.

“மறுபடி ஏற வருவீர்களா அம்மா?”

“வாறோம். ஆனா சாயங்காலம் வாறோம், நடவு முடிச்சிட்டு. காலையில வந்தா காலு பொய் சொல்லும்.”

கிளம்பும்போது அவர்களை ஏற்றிப் போக ‘குட்டி யானை’ வண்டி வந்தது. அதன் பின்கதவுக்குக் கீழே டிரைவர் ஒரு இரும்புப் படியை வெல்டு செய்து பொருத்தியிருந்தார். சங்கிலியை விட்டால் கீழே இறங்கும்; ஏறியதும் மடக்கிக் கொக்கி மாட்டிவிடலாம். பெண்கள் அதில் கால் வைத்து, தூக்குச் சட்டியோடு, பேச்சை நிறுத்தாமல் ஏறினார்கள். நானும் படி சாரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். வருஷக்கணக்காக என் அம்மா ஏறி இறங்குகிற படி அது. நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

ஒரு வாரத்தில் நான் மடக்குப் படி வரைந்தேன். எங்கள் வெல்டர் ஒரு வாசலுக்கு மட்டும் மாதிரி செய்து மாட்டினார். நகரத்து நடைமேடை வரும்போது மடக்கிவிடலாம், தாண்டியதும் இறக்கிவிடலாம். எதிலும் உரசாது. ஒப்புதல் வந்துவிட்ட என் பழைய டிராயிங்கை நானே தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மேனேஜர் “யோசிச்சுப் போடும்மா” என்றார். யோசிக்காமல் போட்டேன்.

மாதிரிப் படி மாட்டிய அன்று சாயங்காலம் பெண்கள் வயலிலிருந்து நேரே வந்தார்கள். முழங்கால்வரை காய்ந்த சேறு. புடவையை ஏற்றிச் செருகியிருந்தார்கள். தலையில் புல்லுக்கட்டு, கூடை, விறகு. ஒருத்தி இடுப்பில் பேரன். யாரும் யாரையும் இழுத்துவிடக் கூடாது, அவரவர் ஊரில் அவரவர் ஏறுவது மாதிரி ஏறுங்கள் என்று சொல்லியிருந்தோம். முதலில் இரண்டு படி வாசல். முதல் ஆள் காலைத் தூக்கினாள், எட்டவில்லை. புல்லுக்கட்டைக் கீழே போட்டு, கம்பியைப் பிடித்து, முட்டியை ஊன்றி ஏறி, பிறகு கட்டுக்காகத் திரும்பினாள். இரண்டு நிமிடம் முடிந்தபோது மூன்று பேர்தான் உள்ளே. செல்வி அக்கா பாதியில் இறங்கி, “என்னால முடியலக்கா,” என்று ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை மேனேஜர் கைதட்டவில்லை. அவரே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு மடக்குப் படி வாசல். சங்கிலியை விட்டேன். பெண்கள் சுமையோடு நடந்து வந்தார்கள், நடந்த வேகத்திலேயே ஏறினார்கள். கடைசியாகச் செல்வி அக்கா. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து மெதுவாக ஏறினாள். அவள் உள்ளே போனதும் படி சார் கடிகாரத்தை எங்களிடம் நீட்டினார். இரண்டு நிமிடத்துக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அன்றே அம்மா சொன்னபடி கடிதம் போனது. அதில் கால் என்ற சொல்லே கிடையாது. இரண்டு படியால் ஒரு நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் தாமதம், நாற்பது நிறுத்தத்தில் எவ்வளவு, சரக்கு ரயில்கள் எத்தனை மணி நேரம் பின்னால் காத்துக் கிடக்கும் என்று மட்டும். நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் அவர் ஸ்டேஷனில் நின்று கால்களைப் பார்க்கவில்லை. இறங்கியதும் நேராக வேனுக்கு வந்துவிடுவார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் ஒரு வரி வந்தது. பதினாறு பெட்டிக்கும் மடக்குப் படி வைக்கவும். கால தாமதத்தைத் தவிர்க்கச் செய்த யோசனைக்குப் பாராட்டு. அவர் அதைப் படித்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “பாத்தியா, குத்தகைக்காரனையே தென்னங்கன்னு வைக்க வச்சிட்டோம்,” என்றாள்.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று அம்மா பூதலூர் ஸ்டேஷனுக்கு வந்தாள். அக்காவுக்குக் கொடுங்கள் என்று ஒரு சேலையும், முற்றிய தேங்காய் இரண்டும் கொடுத்தாள். தேங்காயை விமானத்தில் விடுவார்களா என்று நான் கேட்டதற்கு, “அவருக்குச் சொல்லிக் கேக்க வைக்கத் தெரியும், நீ சும்மா இரு,” என்றாள். ரயில் நகர்ந்தபோது அவர் வாசலில் நின்று கையசைத்தார். அம்மா முழுக் குரலில் கத்தினாள்: “படியில நிக்காதீங்க தம்பி, உள்ள போங்க!” நடைமேடையே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பிறகு பெட்டிகள் கப்பலேறின. அவர் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார். நான் அவர்கள் புத்தாண்டுக்கு அனுப்புவேன். அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, அறுப்பு முடிந்திருந்த ஒரு பகலில், ஒரு வீடியோ வந்தது. கூட ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. அம்மா கூடத்தில் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் பிடித்தேன்.

அவரேதான் எடுத்திருக்க வேண்டும். வேறு யாரும் அப்படி எடுக்க மாட்டார்கள். வீடியோ முழுக்க ஒரு முகம்கூட இல்லை. செம்மண் கலந்த ஜல்லி, பெட்டியின் அடிப்பாகம், சங்கிலியில் தொங்கும் என் படி. அதன் மேல் கால்கள். வெறுங்கால், ரப்பர் செருப்பு, பள்ளிக்கூட ஷூ, மெட்டி இல்லாத விரல்கள், பிளந்த குதிகால். ஒவ்வொன்றும் வைத்து, ஏறி, மறைந்தது. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“நம்மூரு காலு மாதிரிதான்டி இருக்கு,” என்றாள்.

பிறகு கொஞ்ச நேரம் எந்தக் காலும் வரவில்லை. வெறும் படி மட்டும். ரயில் கிளம்பிவிடுமோ என்று போனை இன்னும் கிட்டே பிடித்தேன். பக்கத்திலிருந்து ஒரு ஊன்றுகோலின் நுனி மெல்ல வந்தது. மூன்றாவது படியில் ஊன்றியது. வழுக்குமா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தது. அதற்கு மேலே ஒரு சேலைக் கரை ஆடியது. அம்மா கொடுத்த சேலை, அவர்கள் வழக்கப்படி சுற்றிக் கட்டியிருந்தது. பிறகு ஒற்றைக் கால் ஒன்று ஜல்லியை விட்டு எழும்பியது.

பாயில் அம்மாவின் வலது கால் அவளுக்கே தெரியாமல் தரையிலிருந்து மேலே எழுந்தது. அந்தக் கால் மூன்றாவது படியில் வந்து நின்றதும்தான் அவள் காலும் கீழே இறங்கியது. ஊன்றுகோல் இரண்டாவது படிக்குப் போனது. கால் போனது. அப்புறம் முதல் படி. அப்புறம் வாசலில் படி மட்டும் இருந்தது. எங்கோ ஒரு விசில் கேட்டது.

“ஏறிட்டாடி,” என்றாள் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ போடு,” என்றாள்.